நாற்பத்தேழாம் இலக்க இடத்தில் நண்டு தின்றது யார்?

1

ஜெயந்தன், நீ என் கையால் சமைத்த நண்டைத் தின்றுவிட்டு, என்னை உன் அக்கா இல்லை என்று சொன்னாய்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. கட்டுரை எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனால் இதே பத்திரிகையில் நீ இரண்டு கிழமை தொடர்ந்து எழுதியபடியால் நானும் இங்கேதான் எழுத வேண்டும்.

ஊரில் இருக்கிறவர்கள் அந்தக் கட்டுரையை வாசித்திருப்பீர்கள். ஒல்லாந்துக்காரர் விடுமுறைக்கு எப்படிப் போகிறார்கள், ஏன் போகிறார்கள், நாங்கள் அவர்களிடம் எதைப் படிக்க வேண்டும் என்று ஜெயந்தன் படம் போட்டு எழுதியிருந்தான். நல்ல தமிழ். இரண்டாம் பகுதியில் ஒஸ்லோவுக்குப் பக்கத்து கம்பிங் ஒன்றில் தான் கண்ட “ஒரு பெண்மணி” பற்றி ஒரு பத்தி வரும். முப்பது வருடம் ஐரோப்பாவில் இருந்தும் திருந்தாதவள். முன்கூட்டிச் சொல்லாமல் சாப்பாட்டு நேரத்தில் சட்டியோடு வந்து நின்றவள். சொந்தக்காரருக்கு அலுவலகத்தில் வேலை என்று சொல்லிவிட்டு அங்கே மொப் பிடித்துக்கொண்டு நிற்பவள். பெயர் போடவில்லை. தேவையும் இல்லை. இந்தப் பக்கத்தில் கம்பிங்கில் வேலை செய்கிற தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான்.

என் பெயர் புவனேஸ்வரி. ஒஸ்லோவில், வெஸ்ட்லியில் பதினோராம் மாடியில் இருக்கிறேன். கணவர் பஸ் ஓட்டுகிறார். ஒரு மகள், ஆரணி, படிக்கிறாள். கோடை வந்தால் காலையில் ஐந்தாம் இலக்க ரெயிலில் ஏறி, நகரத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடந்து, பிறகு பஸ் பிடித்து மலையேறி அந்த கம்பிங்குக்குப் போகிறேன். காரின் பின்னால் கரவன் வீட்டை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் தங்கும் புல்வெளி அது. கழிவறை, குளிப்பறை, பாத்திரம் கழுவும் கூடம், குப்பைத் தொட்டி எல்லாம் என் பொறுப்பு. பதினான்கு கோடை ஆகிவிட்டது.

ஜெயந்தன் எனக்கு யார் என்று கேட்பீர்கள். என் சின்னம்மாவின் மகன், இப்போது ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில், இருக்கிறவன். பள்ளிக்கூடம் கிட்ட என்று ஐந்து வருடம் எங்கள் வீட்டில் இருந்து படித்தவன். எங்கள் அம்மா நண்டுச் சட்டியில் பெரிய கால் எது என்று பார்த்து அவனுக்கு வைப்பா. நாங்கள் அதற்குச் சண்டை பிடித்ததில்லை.

2

ஒல்லாந்துக்காரரை அவனுக்குத் தெரியும் என்றால் எனக்கும் தெரியும். அவன் முப்பது வருடம் அவர்களோடு வாழ்ந்தவன். நான் பதினான்கு கோடை அவர்களின் குப்பையை எடுத்தவள். குப்பை பொய் சொல்லாது.

பள்ளிக்கூட விடுமுறைக்காகத் தங்கள் நாட்டை மூன்று துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே நாளில் தெருவில் இறங்கினால் தெரு தாங்காது. அதனால் எங்களிடம் மூன்று அலையாக வருவார்கள். பிள்ளைகள் வளர்ந்துபோன வயதானவர்கள் அதற்கு முன்னும் பின்னும் வருவார்கள். அவர்கள் காரின் மஞ்சள் இலக்கத் தகடு வளைவில் தெரிந்தவுடன் நான் தண்ணீர்க் குழாயடியைத் துடைத்துவிடுவேன். முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

வந்தவுடன் கரவன் சரிந்து நிற்கிறதா என்று, மேசன்மார் சுவருக்கு வைக்கிற மட்டக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். அரை விரல் சரிவு இருந்தாலும் சில்லுக்குக் கீழே பலகை வைப்பார்கள். பிறகு கதிரையை வெயில் பக்கம் திருப்பிப் போட்டுக் கோப்பி குடிப்பார்கள். கோப்பியும் ஊரிலிருந்து கொண்டுவந்தது. சீஸ், கச்சான் பட்டர், பிள்ளைகள் பாணில் தூவித் தின்கிற சொக்கிலேற் துகள் எல்லாம் ஊரிலிருந்துதான். நோர்வேயில் விலை கூட என்பது காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. வெளிநாட்டுக்கு வர விருப்பம், வெளிநாட்டைத் தின்ன விருப்பம் இல்லை. கழிவறையில் நான் மூன்று சுருள் தாள் வைத்திருந்தாலும் தங்கள் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

ஆறு மணிக்குச் சாப்பாடு. பார்க்க வேண்டிய காட்சி அது. எழுபது கரவனிலும் ஒரே நேரத்தில் காஸ் அடுப்பு பற்றும். ஆறரைக்கு ஆண்கள் பிளாஸ்ரிக் தொட்டியில் பாத்திரத்தைப் போட்டுக்கொண்டு கழுவும் கூடத்துக்கு வருவார்கள். அவர்களின் சந்தை, கோயில் வீதி எல்லாம் அந்தக் கூடம்தான். எந்த மலைப்பாதை நல்லது, எந்தப் பாலத்தில் காசு வாங்குகிறான், எந்த கம்பிங்கில் தண்ணீர் சூடு என்று அங்கேதான் பேசுவார்கள். பிறகு போய் இணையத்தில் எழுதி வைப்பார்கள். தன் பின்னால் வருகிற முன்பின் தெரியாத ஒல்லாந்துக்காரன் சிரமப்படக் கூடாது என்று எழுதுகிற சனம் அது. இதை நான் பாராட்டித்தான் சொல்கிறேன். அந்தப் பழக்கம்தான் எனக்குக் குழி தோண்டியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் வருகிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். வருடா வருடம் வருகிற வில்லெம் என்ற பெரியவர், தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர், யோசித்துவிட்டுச் சொன்னார்.

“எங்கள் நாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மனிதன் நிற்கிறான். இங்கே திரும்பினால் ஒருவரும் இல்லை. அதற்காகத்தான்.”

மலை பார்க்க வருகிறோம் என்பார்கள், தெற்கே இப்போது வெயில் எரிக்கிறது என்பார்கள். அதெல்லாம் உண்மை. ஆனால் ஆளில்லாத இடம் வேண்டும் என்பதுதான் அடி. அப்படி வந்தவர்கள், பாதிப் புல்வெளி வெறுமையாகக் கிடக்க, இன்னொரு மஞ்சள் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கேட்டால் அங்கே நிழல் நல்லது என்பார்கள்.

நாங்கள் இப்படிப் பயணம் போனதே இல்லை. கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்த வீடு, தேர் என்றுதான் விமானம் ஏறுவோம். லண்டனில் மாமா வீட்டு ஹோலில் ஒன்பது பேர் வரிசையாகப் படுப்போம். எங்களுக்குப் பயணம் என்றால் ஆட்களிடம் போவது. அவர்களுக்கு ஆட்களை விட்டுப் போவது. எது திறம் என்று நான் சொல்ல வரவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அவர்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்வார்கள். முதல் கோடையில் ஒரு பெண் வந்து, “மூன்றாம் குளிப்பறை வடிகாலில் மயிர் கிடக்கிறது, காலை வணக்கம்” என்றாள். நான் பின்னால் போய் அழுதேன். அடுத்த நாள் அவளே வந்து, “இப்போது மிகவும் சுத்தம்” என்றாள். பிறகு எனக்கு விளங்கியது. இவர்களிடம் ஒளிமறைவு இல்லை. எனக்கு அது பிடித்துவிட்டது. எங்கள் சனம் முகத்தில் சிரித்துவிட்டு முதுகில் எழுதும்.

3

மாசியில் ஒருநாள், கோடைப் பதிவுகளின் பட்டியல் மெயிலில் வந்தது. பருவகால வேலைக்காரருக்கும் அனுப்புவார்கள். ஒல்லாந்துக்காரர் தையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். அதில் நாற்பத்தெட்டு வில்லெம். நாற்பத்தேழு, ஜெயந்தனின் முழுப் பெயர்.

எனக்குச் சந்தோஷம். பொய் சொல்லவில்லை. இருபது வருடத்தில் அவனை மூன்று கலியாணத்திலும் ஒரு செத்த வீட்டிலும்தான் கண்டிருக்கிறேன். இப்போது என்னிடத்துக்கே வருகிறான். போன் எடுப்பான் என்று இருந்தேன். பங்குனி போனது. சித்திரைக்கு வாழ்த்துப் படம் ஒன்று அனுப்பினான், எல்லாருக்கும் அனுப்புகிற படம். வைகாசி, ஆனி. ஒரு சொல் இல்லை.

“கம்பிங்கில நீங்கள் வேலை எண்டு அவருக்குத் தெரியுமோ?” என்று ஆரணி கேட்டாள்.

“ஓம். ஒஃபிசில எண்டு சொன்னனான்.”

“ஏன் மம்மா அப்பிடிச் சொன்னீங்கள்?”

“எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான்.”

அது என் பிழை. இதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை வந்தான். அவன் மனைவியும் பிள்ளைகளும் அந்த நேரம் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். வில்லெமும் அவர் மனைவி ரியாவும் நாற்பத்தெட்டில், இவன் தனியாக நாற்பத்தேழில். நான் எதிர்ப்பக்கக் கட்டடத்தில் நின்று பார்த்தேன். மட்டக் கருவி வைத்தான். பலகை வைத்தான். கதிரையை வெயிலுக்குத் திருப்பினான். வரவேற்பறையில் என்னைப் பற்றி விசாரிப்பான் என்று எதிர்பார்த்தேன். விசாரிக்கவில்லை.

எங்கள் ஆட்களில் சொந்தம் வாசலுக்கு வந்து சாப்பிடாமல் போனால் அது இரண்டு பக்கத்துக்கும் வெட்கம். அவன் வராவிட்டால் சாப்பாடு அவனிடம் போக வேண்டும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மரக்கறி நாள். சனிக்கிழமை விடியவே எழும்பி ரொம்மன் தமிழ்க் கடையில் முதல்நாள் வாங்கி வைத்த நண்டைக் கழுவி, முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்து, புட்டும் அவித்து, ரெயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். முழுப் பெட்டியும் மணத்தது. ஒரு நோர்வேக்காரக் கிழவர் எழுந்து வேறு இடத்தில் போய் இருந்தார். இருக்கட்டும்.

வேலை முடிந்தபோது ஆறு மணி. உடுப்பு மாற்றவில்லை. கம்பிங்கின் பெயர் போட்ட பச்சை ரீசேட், இடுப்பில் திறப்புக் கோர்வை. இந்தக் கோலத்தில் போனேன். அது எனக்கு ஒரு பிழையாகவே படவில்லை. தம்பியிடம் போகிறவளுக்கு என்ன கோலம்.

மூன்று பேரும் மேசையில் இருந்தார்கள். நடுவில் அவித்த உருளைக்கிழங்கு.

“எடேய் ஜெயந்தா,” என்றேன்.

எழும்பினான். முகம் செத்துப்போனது.

“அக்கா. என்ன, சொல்லாமல் கொள்ளாமல்.”

“சொல்ல வேண்டியது நீயெல்லோ. உன்ரை பேரை லிஸ்ரில பாத்து நான் அஞ்சு மாசமாக் காத்துக்கொண்டு இருக்கிறன்.”

“ஓம், ஓம். வேலை கூட. வைச்சிட்டுப் போங்கோ. பிறகு ஆறுதலாக் கதைப்பம்.”

“நாளைக்கு வீட்டை வாவன். இவரும் நிப்பார்.”

“பாப்பம் அக்கா. நாளைக்கு விடிய வெளிக்கிடுறம்.”

வில்லெம் அவனிடம் தங்கள் பாஷையில் ஏதோ கேட்டார். ஜெயந்தன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். நீளமான பதில் இல்லை, ஒரு வசனம். வில்லெம் எழுந்து எனக்குக் கை தந்தார். “மிகவும் நல்ல ஏற்பாடு” என்றார் ரியா. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு காலை நான் போகும்போது நாற்பத்தேழில் மஞ்சளாகிப்போன புல் மட்டும் இருந்தது. என் சட்டி கழுவும் கூடத்தில் மினுங்கிக்கொண்டு இருந்தது. உணவுக் கழிவுத் தொட்டியைத் திறந்தேன். ஒல்லாந்துப் பத்திரிகையில் சுற்றிய நண்டுக் கோது. இரண்டு பேர் தின்ற கோது, கரண்டியால் கிண்டிப் பார்த்துப் பயந்து வைத்தது. மற்றது பல்லால் உடைத்து, உறிஞ்சி, கால் நுனி வரைக்கும் சப்பித் துப்பின கோது. அப்படித் தின்ன ஒல்லாந்தில் யாருக்கும் தெரியாது. அது எங்கள் அம்மா வீட்டுக் குசினியில் படித்தது.

அதற்குக் கீழே உருளைக்கிழங்குத் தோல். இந்த நாட்டுக்குள் வெளியிலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுவருவது சட்டப்படி குற்றம், பயிர்நோய் வரும் என்று. ஜெயந்தன், வெறும் சாக்கையும் நீ அங்கேயே போட்டுவிட்டுப் போனாய், உன் ஊர்க் கடையின் பெயரோடு. நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

4

பத்து நாளில் ஒரு ஒல்லாந்துப் பெண் கையில் தட்டுக் கணினியோடு கழிவறைக் கட்டடத்துக்கு வந்தாள். நண்டுக் கறி எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு முன் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நாள் இன்னொரு குடும்பம். அதற்கடுத்த நாள் மூன்று பேர் நேரே வரவேற்பறைக்குப் போய்க் கேட்டார்கள்.

வீட்டில் ஆரணி, ஒல்லாந்துக்காரர் கம்பிங்குகளைப் பற்றி எழுதிவைக்கிற இணையப் பக்கத்தைத் தேடி எடுத்து நோர்வே மொழிக்கு மாற்றினாள்.

“மம்மா, ஸ்லாப் ஆவ், பயப்பிடாதேங்கோ. இது நல்லாத்தான் எழுதியிருக்கு. வில்லெம் எண்டவர். ரொயிலற்றுக்குப் பத்துக்கு ஒன்பது.”

“சாப்பாட்டுக்கு?”

“எட்டரை. உறைப்புக் கூடவாம்.”

“பிறகு?”

அவள் நிறுத்திவிட்டாள்.

“வாசி பிள்ளை.”

“‘எங்கட பயணத் தோழரும் அந்த நாட்டைச் சேர்ந்தவர். இஞ்சை துப்புரவு செய்யிற பெண்மணி விருந்தாளியளுக்குச் சமைச்சுக் குடுக்கிறவ எண்டு அவர் எங்களுக்கு விளக்கினவர். கம்பிங்கின்ரை இணையப் பக்கத்தில இதைப் போடாதது பெரிய குறை.’”

“பயணத் தோழர் எண்டது ஆர்?”

“மம்மா. உங்களுக்குத் தெரியும் ஆர் எண்டு.”

நாற்பத்தேழில் அவன் சிரித்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு வசனம் இதுதான்.

ஹில்டே என்னைக் கூப்பிட்டாள். கம்பிங்கின் நிர்வாகி. நல்லவள். எனக்கு நிரந்தர வேலை எடுத்துத் தருகிறேன் என்று பங்குனியில் சொன்னவள். குளிர்காலத்திலும் அங்கே மரவீடுகளுக்கு ஆட்கள் வருவார்கள், அதற்குத் துப்புரவுப் பொறுப்பாளராக. பதினான்கு வருடம் கோடைக்குக் கோடை ஒப்பந்தம் எழுதி, பனி விழுந்தவுடன் வேலை தேடி விண்ணப்பம் நிரப்புகிறவளுக்கு நிரந்தரம் என்றால் என்ன என்று ஊரில் அரசாங்க வேலைக்குக் காத்திருக்கிறவர்களுக்கு விளங்கும்.

“புவனா, நீ விருந்தினருக்குச் சாப்பாடு விற்கிறாயா?”

“இல்லை. என் தம்பிக்குக் கொடுத்தேன்.”

“ஒரே தாய் தகப்பனா?”

“சின்னம்மா மகன்.”

அவள் தாளில் மச்சான் முறைக்கும் சின்னம்மா மகனுக்கும் ஒன்றாக அவர்கள் வைத்திருக்கிற சொல்லை எழுதினாள். அந்தச் சொல்லில் ஐந்து வருடம் ஒரு சட்டியில் தின்றது அடங்காது. நான் விளக்கினேன். கேட்டாள்.

“நான் உன்னை நம்புகிறேன். ஆனால் நம்பிக்கையைக் கோப்பில் வைக்க முடியாது. உணவு அனுமதி இல்லாத இடம் இது. கேட்டு வந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. தலைமை அலுவலகத்துக்கும் முறைப்பாடு போயிருக்கிறது.”

எழுத்தில் எச்சரிக்கை தந்தாள். அது கோப்பில் இருக்கும்வரை நிரந்தர வேலைக்கு என் பெயரைத் தலைமை அலுவலகம் ஏற்காது. எடுக்க ஒரு வழி இருக்கிறது என்றாள். நாற்பத்தேழாம் இடத்தைப் பதிந்த விருந்தினர், அது உறவுக்காரி தந்த சாப்பாடு, விலைக்கு இல்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளைத் தானே கிழிப்பதாகச் சொன்னாள். ஐப்பசி, அதாவது ஒக்டோபர், முடியும்வரை தவணை.

இரண்டு வரி. அவனுக்கு எழுத்து வராது என்று யாரும் சொல்ல முடியாது.

5

அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினேன். கெஞ்சவில்லை, நடந்ததைச் சொன்னேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. திரும்பவும் எழுதினேன். நீலக் கோடு. போன் எடுத்தேன், மணி அடித்து அடங்கியது. வடக்கே போனவன், வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று சுவீடன் வழியாக இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கம் வரவில்லை.

வில்லெமும் ரியாவும் வந்தார்கள். ஆவணி முதல் கிழமை, திரும்பிப் போகிற வழியில். வில்லெம் பாத்திரத் தொட்டியோடு கூடத்துக்கு வந்து என்னைக் கண்டதும் சிரித்தார்.

“நாளை ஆறு மணிக்கு உங்கள் நண்டு கிடைக்குமா? உறைப்புக் கொஞ்சம் குறைத்து.”

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

“ஜெயந்தன் உங்களுக்கு யார்?”

“பக்கத்து வீடு. எட்டு வருடம். பிறந்தநாளுக்கு வருவார்.”

“எனக்குத் தம்பி.”

அவர் கையில் இருந்த பீங்கானைத் துடைத்து முடித்து அடுக்கினார்.

“அவர் அப்படிச் சொல்லவில்லையே.”

“தெரியும்.”

“ஏன் சொல்லவில்லை?”

“அதை நீங்கள் அவனிடம்தான் கேட்க வேண்டும்.”

நடந்ததெல்லாம் சொன்னேன். எனக்கும் அவருக்கும் இங்கிலிஷ் அரைகுறை. ஆனாலும் விளங்கிக்கொண்டார். அங்கேயே வாங்கில் இருந்து போனை எடுத்து, என் பெயருக்கு எழுத்துக் கேட்டு, தான் எழுதியதற்குக் கீழே திருத்தம் எழுதினார். அந்தப் பெண்மணி புவனேஸ்வரி எங்கள் நண்பரின் குடும்பம், சாப்பாடு அன்பளிப்பு, விற்பனை இல்லை, எங்களுக்குத் தவறாகச் சொல்லப்பட்டது, மன்னிக்கவும். நான்கு வரி. வாசித்துக் காட்டி, “சரியா?” என்று கேட்டார். பிறகு எழும்பும்போது சொன்னார்.

“ஆனால் ஒன்று. நீங்களும் வர முதல் கேட்டிருக்க வேண்டும். ஆறு மணி சாப்பாட்டு நேரம்.”

அதையும் முகத்துக்கு நேரேதான் சொன்னார். சரி என்றேன். அவர் சொன்னது சரிதான்.

ஹில்டேயிடமும் போய்ச் சொன்னார். அவள் நன்றி சொன்னாள். ஆனால் அவருடைய இடம் நாற்பத்தெட்டு. சாப்பாடு போனது நாற்பத்தேழுக்கு. நோர்வேயில் இலக்கம் மாறினால் உண்மையும் மாறும்.

வில்லெம் ஊருக்குப் போய் ஜெயந்தனிடம் கேட்டிருப்பார். கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்த பதில் உங்கள் பத்திரிகையில் வந்தது. அதுதான் அந்தக் கட்டுரை.

6

புரட்டாதிச் சனி ஒன்றுக்கு ரொம்மன் தமிழ்க் கடைக்குப் போனேன். கட்டுரை அதற்குள் போனுக்குப் போன் பறந்திருந்தது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன்.

“புவனக்கா, நண்டு ஒரு கிலோவோ, இல்லாட்டி ஓடருக்கு மொத்தமாப் போடவோ?” என்றாள் கடைக்காரி.

வரிசையில் நின்ற ஒருத்தி, “சத்தம் போடாதையப்பா, அக்கா ஒஃபிஸ் ஆள்,” என்றாள்.

சிரித்தார்கள். திருகோணமலைக்காரப் பிள்ளை ஒருத்தி மட்டும் சிரிக்காமல் என் கூடையை வாங்கி வைத்தாள். நான் கத்தரிக்காயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இவருக்குச் சொன்னேன். “நண்டைக் குடுத்தது நீர், கடி வாங்கினதும் நீர். விடும்,” என்றார். ஆரணியும் அதையேதான் சொல்கிறாள். ஜெயந்தன் மாமா ஒரு லூசு, பதில் எழுதினால் இன்னும் நாலு பேர் வாசிப்பார்கள், அவரைத் தடை செய்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கோ என்கிறாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. சொந்தத்தை ஒரு பொத்தானால் அழுத்தி அனுப்பிவிடலாம் என்று அவளுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் செய்ய மாட்டேன். அழுத்தி அனுப்பினால் அவன் தப்பிவிடுவான்.

கொழும்பு லொட்ஜை நினைத்துப் பார், ஜெயந்தன். வெளிநாட்டுக்கு ஏற்ற ஏஜென்ற் வருவான் வருவான் என்று மூன்று மாதம் பக்கத்துப் பக்கத்து அறையில் கிடந்தோம். அறைக்குள் சமைக்கக் கூடாது என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நீ கடைச் சோறு செமிக்கவில்லை என்று முனகினாய். மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கி, உன் அறைக் கதவிடுக்கில் சீலை அடைத்து, உனக்குச் சோறும் கீரையும் சமைத்தேன். மணம் போய் முதலாளி வந்து கதவைத் தட்டி, “ஆர் சமைச்சது?” என்று கேட்டான். நீ கட்டிலில் மறுபக்கம் திரும்பிப் படுத்தாய். நான்தான் என்று சொன்னேன். அன்று பொழுதுபடமுதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வேறு இடம் தேடிப் போனேன். நீ அதே அறையில் இருந்தாய்.

அதற்காக நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இன்றும் அதற்காகக் கேட்கவில்லை.

7

நான் என் பொய்யை முதலில் சொல்கிறேன். ஊரில், லண்டனில், கனடாவில் இருக்கிற எல்லாருக்கும் எனக்கு கம்பிங்கில் அலுவலக வேலை என்று சொன்னேன். அது பொய். நான் கழிவறை கழுவுகிறேன். பதினான்கு வருடமாகக் கழுவுகிறேன். பத்துக்கு ஒன்பது வாங்கிய கழிவறை. முன்கூட்டிக் கேட்காமல் ஆறு மணிக்குச் சட்டியோடு போனதும் பிழை. வேலை உடுப்போடு போனதும் பிழை. எல்லாவற்றையும் என் பெயரில், நீ எழுதிய அதே பத்திரிகையில், ஊர் முழுக்க வாசிக்க ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி உன்னிடம் எனக்கு எதிராக வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

உன்னிடம் இருக்கிறதெல்லாம் ஒல்லாந்துக்காரரின் கரவன், அவர்களின் மட்டக் கருவி, அவர்களின் கிழங்கு. தையில் இடம் பிடிக்கப் படித்தாய். ஆறு மணிக்குத் தின்னப் படித்தாய். எங்கள் சனம் அவர்களிடம் என்ன படிக்க வேண்டும் என்று இரண்டு கிழமை பாடம் எடுத்தாய். அவர்களிடம் படிக்க வேண்டிய ஒன்றே ஒன்றை, முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்லுகிற பழக்கத்தை, நீ மட்டும் படிக்கவில்லை. ஓய்வு பெற்ற தச்சு வேலைக்காரர் ஒருவர், கையில் பாத்திரத் துணியோடு, முன்பின் உறவில்லாத எனக்காக நான்கு வரி எழுதினார். நீ எனக்காக ஒரு பத்தி எழுதினாய். எப்படிப்பட்ட பத்தி என்று எல்லாரும் பார்த்தார்கள்.

பட்டியல் இன்னும் என் மெயிலுக்கு வருகிறது. நீ புறப்பட்ட அந்த ஞாயிறன்றே அடுத்த ஆடிக்கும் இடம் பிடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். அதே நாற்பத்தேழு. நிழல் நல்லது போலிருக்கிறது. அந்த ஆடியில் நான் பொறுப்பாளராக அங்கே நிற்கிறேனா, இல்லை வெஸ்ட்லியில் இருந்து விண்ணப்பம் நிரப்புகிறேனா என்பது உன் கையில் இருக்கிறது. ஐப்பசி முப்பத்தொன்று வரைக்கும்தான்.

ஹில்டேக்கு வேண்டியது இரண்டு வரி. அதை நோர்வே மொழியிலோ இங்கிலிஷிலோ எழுதி அனுப்பு. எனக்கு வேண்டியது தமிழில், இந்தப் பத்திரிகையில், உன் முழுப் பெயரோடு, நீ பெரிதாகப் போட்டுக்கொண்ட அதே படத்தோடு. ஆசிரியர் இடம் தருவார், எனக்குத் தந்தவர் உனக்கும் தருவார். வட்ஸ்அப்பில் தனியாக மன்னிப்புக் கேட்டு அனுப்பாதே, நான் திறக்க மாட்டேன். பயணத்தைப் பற்றி எழுத வேண்டாம், நாகரிகத்தைப் பற்றி எழுத வேண்டாம், முப்பது வருடத்தைப் பற்றியும் வேண்டாம். லொட்ஜ் முதலாளி கேட்டதை மாற்றி நான் கேட்கிறேன். இந்தமுறை கட்டிலில் திரும்பிப் படுக்க முடியாது, எல்லாரும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அந்தப் பச்சை ரீசேட்டோடு வந்தவள் உனக்கு யார்? நாற்பத்தேழில் நண்டு தின்றது யார்?

எழுது.